அண்ணனைப் பேசவைத்த காளான்

இப்போதெல்லாம் பிள்ளைகள் என்னிடம் வந்து, "மேடம், கொடைக்கானல் பக்கம் ஒரு காளான் கிடைக்குதாமே, தின்னா சுவரெல்லாம் மூச்சு விடுமாமே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அதற்குப் போய் எதற்கு மலை ஏற வேண்டும்? நெடுங்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், எருக்குழி ஓரத்தில், அது கேட்பாரற்று முளைத்துக் கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி மழையில் எங்கள் குடும்பத்தையே இரண்டாக்கப் பார்த்தது. அந்தக் கதையைக் கேட்காமல் அந்தக் காளானைப் பற்றி யாரும் என்னிடம் பேச வர வேண்டாம்.

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். மாட்டுச் சாணத்திலும் சாணம் ஊறிய மண்ணிலும் முளைக்கும். சின்னதாக இருக்கும்போது குடை மணிபோலக் கூம்பியிருக்கும். வளர வளரத் தட்டையாக விரியும். நடுவில் வெல்லப்பாகு நிறம், ஓரத்துக்குப் போகப் போக வெளிறிவிடும். தண்டின் மேற்பக்கம் கிழிந்த வளையம் ஒன்று தொங்கும். குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள் முதலில் சாம்பலாக இருந்து பிறகு கருத்துப்போகும். ஒரு குடையைக் கிள்ளி வெள்ளைத் தாளில் கவிழ்த்து மேலே டம்ளரை மூடி வைத்தால், மறுநாள் தாளில் நாவற்பழக் கறைபோல ஒரு வட்டம் விழுந்திருக்கும். அதெல்லாம் அதன் வித்துத் தூள். இத்தனைக்கும் மேலே ஒரு குணம் உண்டு. தண்டைக் கிள்ளினால் கிள்ளிய இடம் கொஞ்ச நேரத்தில் நீலமாகிவிடும். இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பறிக்கக் கிளம்பாதீர்கள். இதன் சாயலிலேயே ஆளைக் கொல்லும் காளான்களும் இருக்கின்றன, அவை யாருக்கும் இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பதில்லை.

நான் அப்போது காரைக்காலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான் மட்டும்தான். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். நல்லவன்தான், ஆனால் பேசமாட்டான். சோறு வேண்டும் என்றால் தட்டைப் பார்ப்பான், போதும் என்றால் கையைப் பார்ப்பான். அண்ணியோ திருமலைராயன்பட்டினத்துப் பெண். அவருடைய அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. கடைக்கு வரும் ஆட்களோடு பேசிப் பேசியே வளர்ந்தவர், எங்கள் வீட்டுக்கு வந்து சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியப்போகிற சமயத்தில், "உங்க அண்ணன் என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களாம்மா, நான் இருக்கேன்னாவது தெரியுமா அவங்களுக்கு?" என்று என்னிடமே கேட்டுவிட்டார். நாத்தனாரிடம் ஒருத்தி இப்படிக் கேட்கிறாள் என்றால் அவள் எந்த அளவுக்கு நொந்திருக்க வேண்டும்! எனக்கு அண்ணன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அம்மா கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே மகன், அவனும் கைநழுவிப் போய்விடுவானோ என்ற பயம் அவளை ஆட்டிவைத்தது. அண்ணி எதைத் தொட்டாலும், "பட்டணத்துல அப்படித்தானோ?" என்று ஆரம்பித்துவிடுவாள். திருமலைராயன்பட்டினத்தைத்தான் பட்டணம் என்பாள்.

அன்றைக்கு நான் கல்லூரியில் இருந்தேன். நடந்ததைப் பிறகு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். காலையில் அண்ணி வேட்டி துவைத்து நீலம் போட்டு உலர்த்தியிருக்கிறார். பிறகு கொல்லைப்பக்கம் போனவர், வைக்கோல் போர் அடியில் காளான் பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். வைக்கோல் காளான் எங்கள் பக்கம் எல்லாரும் சாப்பிடுவதுதான். அண்ணி மடி நிறையப் பறித்தார், போருக்கு ஒட்டினாற்போல எருக்குழி ஓரத்தில் நின்றதையும் சேர்த்து. கடற்கரைப் பெண்ணுக்கு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியும், காளானில் என்ன கண்டார்!

ஆய்ந்துகொண்டிருக்கும்போது சில தண்டுகள் நீலமாகத் தெரிந்திருக்கின்றன. அம்மா பார்த்துவிட்டாள்.

"நீலம் போட்ட கையோடயா காளான் ஆயுற? கையக் கழுவிட்டு உக்காரக் கூடாதா?"

அண்ணியும் அப்படித்தான் நம்பினார். புளி போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, நீலம் பட்ட காளானையும் அலசினார். அம்மா தன் பங்குக்கு விஷச் சோதனையும் செய்தாள். எங்கள் ஊர்ச் சோதனை என்னவென்றால், காளான்மேல் மஞ்சள் தூளைத் தூவ வேண்டும், மஞ்சள் நிறம் மாறினால் விஷம், மாறாவிட்டால் நல்லது. மஞ்சள் மாறவில்லை. அது எந்தக் காளானுக்கும் மாறாது, பச்சைப் பொய் அந்தச் சோதனை! உண்மையான அடையாளம் கண்ணுக்கு எதிரே நீலமாக நின்றதை இருவரும் சேர்ந்து கழுவி ஊற்றிவிட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா ஒருபொழுது விரதம், அதனால் பகலில் சாப்பிடவில்லை. அண்ணன் வயலிலிருந்து பசியோடு வந்து, இருந்த குழம்பை முழுக்க ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டான். அண்ணிக்கு மிஞ்சியது சட்டியை வழித்த சோறுதான்.

நான் சாயங்காலம் பஸ்ஸை விட்டு வரும்போது எங்கள் வாசலில் கூட்டம். என்னமோ ஏதோ என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே போனால், முற்றத்தில் தூறலில் நனைந்தபடி அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். அண்ணியின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர், முகத்திலோ சிரிப்பு. அண்ணி வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையப் பாரேன்," என்றான் என்னைப் பார்த்து. "விடிஞ்சா போதும், எவ்ளோ வேலை செய்யுது. நான் ஒரு நாளாச்சும் பாத்தேனா? குருட்டுப்பய. இவ இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து இவளுக்கு யாருமே இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்தேன். இவ எவ்ளோ அழகா இருக்கா பாரேன்!"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் தன் ஆயுசில் அதுவரை பேசியதையெல்லாம் கூட்டினாலும் அன்றைக்குப் பேசியதற்கு ஈடாகாது. மழைத்துளி ஒவ்வொன்றும் நிறம் நிறமாக விழுகிறது என்றான். கொட்டிலில் நின்ற மாட்டைப் பார்த்து, "நீயும் நனையுறியா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சந்தேகம் அப்போதே தட்டியது. ஆனால் கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "மருந்து வச்சிட்டாம்மா" என்று சொன்னது என் காதில் விழுவதற்குள் அம்மா காதில் விழுந்துவிட்டது.

மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். புருஷனைத் தன் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டி சோற்றில் கலந்து கொடுப்பது, இடுமருந்து. அப்படி ஒன்று உண்டோ இல்லையோ, அந்தப் பழி உண்டு. ஒருத்தி மேல் விழுந்தால் அவள் சமைத்ததை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். அவளுடைய தங்கைக்கும் கல்யாணம் நடக்காது. அண்ணிக்குக் கல்யாண வயதில் ஒரு தங்கை இருந்தாள்.

அம்மா காலையில் தான் பார்த்த நீலத்தை நினைத்துக்கொண்டாள். "ஐயோ, நான் கண்ணால பாத்தேனே! கையெல்லாம் நீலமா இருந்துச்சே! நீலம் போட்டதுன்னு நெனைச்சேன். மயில்துத்தத்தக் கலந்திருக்கா பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மயில்துத்தம் என்பது நீலமாக இருக்கும் விஷ உப்பு, இடுமருந்தில் சேர்ப்பார்கள் என்று சொல்வது வழக்கம். தானே திட்டிக் கழுவச் சொன்ன கைதான் அது. இப்போது அதுவே சாட்சி ஆகிவிட்டது.

மறுநாள் அண்ணன் தெளிந்துவிட்டான். தெளிந்தவன் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டுமா இல்லையா? ம்ஹும். வெட்கம் பிடுங்கித் தின்ன, பழையபடி தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அதற்குள் அம்மா மருந்து எடுக்கிறவரைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் அண்ணனைப் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, வாழை இலையில் கருப்பாக ஏதோ ஒரு உருண்டையைத் துப்பினார். "நாள்பட்ட சரக்கு" என்றார். என் அண்ணனும் சமர்த்தாகப் படுத்துக் கிடந்தான். திருமலைராயன்பட்டினத்துக்கு ஆள் போயிற்று, பெண்ணின் அப்பா வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போகட்டும் என்று.

"வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருக்கே? அண்ணி அப்படிச் செய்யலன்னு சொல்லேன்!" என்று அண்ணனிடம் கத்தினேன். அவன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். அடிக்கலாம் போலிருந்தது.

அண்ணி அறையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, நீங்களும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டீங்களா?"

"சட்டிய வழிச்சுச் சாப்புட்டேன்மா. ஏன் கேக்குற?"

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா?"

அவர் வாசற்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "தலை கிறுகிறுன்னு இருந்துச்சு. பாயில இருக்குற கோடெல்லாம் தண்ணியாட்டம் ஓடுச்சும்மா. சொன்னா பைத்தியம்னுடுவாங்களோன்னு வாயத் தொறக்கல."

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. நேரே கொல்லைக்கு ஓடினேன். வைக்கோல் போர் அடியில் நல்ல காளான். எருக்குழி ஓரத்தில் இது. இரண்டிலும் ஒவ்வொரு குடையைத் தாளில் கவிழ்த்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துப் பார்த்தால், ஒரு தாளில் இளஞ்சிவப்பு வட்டம், மற்றதில் நாவற்பழக் கறை. புத்தகத்தில் படித்ததும் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் காட்டியதும் எங்கள் வீட்டுக்கே உதவும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அண்ணியின் அப்பா வந்து இறங்கியபோது முகம் வாடிப்போயிருந்தது. அவர் உட்காருவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். நான் குறுக்கே போய் நின்றேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கதவை விரியத் திறந்து வைத்தேன்.

"அம்மா, கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

"எதுக்குடி?"

"வாயேன், சொல்றேன்."

முனகிக்கொண்டே கழுவிவந்தாள். அவள் கையில் எருக்குழிக் காளான் ஒன்றைக் கொடுத்தேன். முதலில் அதன்மேல் மஞ்சள் தூளைத் தூவிக் காட்டினேன்.

"மஞ்சள் மாறுதா?"

"மாறல. நல்ல காளான்தான்."

"சரி, இப்ப தண்ட நல்லாக் கிள்ளி அமுக்கு."

கிள்ளினாள். "கிள்ளிட்டேன். என்னா இப்ப?"

"கொஞ்சம் பொறு."

வெள்ளைத் தண்டில் அம்மாவின் நகம் பட்ட இடத்தில் லேசாக ஒரு பச்சை ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாயிற்று. அவள் விரல் நுனியிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. அம்மா கையை உதறினாள்.

"இன்னைக்கு நீலம் போட்டியா நீ?" என்று கேட்டேன்.

"இல்லடி."

"மயில்துத்தத்தத் தொட்டியா?"

"ஐயே, நான் எதுக்குடி அதத் தொடப்போறேன்?"

"அப்ப இந்த நீலம் எங்கேருந்து வந்துச்சு? நீயும் யாருக்காவது மருந்து வைக்கிறியா?"

எட்டிப் பார்த்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபப்பட வழி இல்லை. நான் விடவில்லை. இந்தக் காளானுக்குள்ளேயே மூளையைக் கலக்குகிற சத்து ஒன்று இருக்கிறது, நீலமாவதும் அந்தச் சத்துதான், சாப்பிட்டவருக்கு நிறம் நிறமாகத் தெரியும், சிரிப்பும் அழுகையும் வரும், சில மணி நேரத்தில் போய்விடும், அண்ணிக்கும் அப்படித்தான் ஆயிற்று, மருந்து வைக்கிறவள் அதைத் தானும் தின்பாளா என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். இலையில் துப்பிய உருண்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

அம்மா தோற்றுப்போகிற ஆள் இல்லை. "எங்க கொல்லையில இத்தன வருஷம் இல்லாதது இப்ப எப்படி வந்துச்சாம்? சீருன்னு பட்டணத்துலேருந்து ஒரு மாட்ட ஓட்டிகிட்டு வந்தாங்களே, அதோட வந்ததுதான்" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்திருக்க வேண்டாம் போலிருக்கிறது. இதன் பூர்வீகத்தைப் பின்னாளில் தேடிப் படித்தபோது, பெரிய பெரிய படிப்பாளிகளும் அம்மா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதை முதலில் பார்த்து எழுதி வைத்தது கியூபாவில். அதனால் அந்தத் தீவின் பெயரே இதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அங்கே இது எப்படிப் போயிற்று? கப்பலில் ஏற்றிப்போன மாடுகளோடு போயிருக்கும் என்பது ஒரு கட்சி. கொஞ்ச காலத்திலேயே வியட்நாமின் வடக்கே டோங்கினில் பிரெஞ்சுக்காரர்கள் இதையே கண்டு, புதுசு என்று நினைத்து வேறு பெயர் வைத்தார்கள். காரைக்காலிலிருந்து நம்மவர்கள் சொல்தா என்கிற பிரெஞ்சுச் சிப்பாய் வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் போன அதே இந்தோசீனாதான். பிறகுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. பிறந்த வீட்டில் ஒரு பெயரும் புகுந்த வீட்டில் ஒரு பெயருமாக இருப்பதுபோல. இப்போது ஆப்பிரிக்காவில் இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். மனுஷன் மாடு வளர்க்கக் கற்றுக்கொள்வதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே இரண்டும் பிரிந்துவிட்டன என்கிறார்கள். அப்படியானால் காட்டு மிருகங்களின் சாணத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது, மாடு வந்ததும் மாட்டோடு ஒட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றியிருக்க வேண்டும். எங்கள் கொல்லைக்குச் சீர் மாட்டோடு வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அம்மா அதைச் சாகிறவரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். அம்மா கடைசியில், "சரி சரி, காளான்தான். தெரியாமப் பேசிட்டேன். சம்பந்தி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அண்ணியின் அப்பாவுக்கு உயிர் வந்தது. "பெரிய பாரத்த எறக்கி வச்சிட்டம்மா" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற இறுமாப்பில் அண்ணியைத் தேடினேன். அவர் கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"கிளம்பலாம்பா," என்றார்.

"என்னாம்மா இது? அதான் எல்லாம் சரியாயிடுச்சே," என்றார் அவருடைய அப்பா.

"எது சரியாயிடுச்சு? நான் மருந்து வைக்கலன்னு ஆயிடுச்சு. சந்தோஷம். ஆனா அன்னைக்கு அவங்க என் கையப் புடிச்சுச் சொன்னதெல்லாமும் காளான்னு ஆயிடுச்சேப்பா." குரல் உடைந்துவிட்டது. "மருந்து வச்சவளுன்னு ஊரே சொன்னப்பகூட, அந்த ஒரு வார்த்த கெடச்சுதேன்னு உள்ளுக்குள்ள ஒரு தெம்பு இருந்துச்சு. அதுவும் போச்சு. இனிமே இந்த வீட்டுல நான் எதுக்கு இருக்கணும்?"

நீலத்துக்கும் பதில் வைத்திருந்தேன், நாவற்பழக் கறைக்கும் பதில் வைத்திருந்தேன். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் கொட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

அண்ணி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்துத் திரும்பினார். "என்னாங்க. இப்ப தெளிவாத்தான இருக்கீங்க? வயித்துல ஒண்ணும் இல்லையே? அன்னைக்குச் சொன்னதுல உங்களோடது ஒரு வார்த்தையாவது இருந்தா, இப்ப சொல்லுங்க. இல்லன்னா நான் எங்க அப்பாவோட போறேன்."

"ஏம்மா, ஆம்பளைய வாசல்ல நிக்கவச்சு..." என்று ஆரம்பித்த அம்மாவை நான் கையைப் பிடித்து அழுத்தினேன்.

அண்ணனுக்குக் காது இரண்டும் சிவந்துபோயின. சொல்லித் தொலையேண்டா என்று எனக்குள்ளே கத்தினேன். அவன் கம்பத்தை விட்டுவிட்டு, மாமனாரைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, எட்டிப் பார்த்த பெண்களையெல்லாம் தாண்டி வந்து அண்ணி முன்னால் நின்றான்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு," என்றான். குரல் கரகரவென்று வந்தது. "ஒண்ணுகூட மறக்கல. நிறம் நிறமாத் தெரிஞ்சது பூரா காளான். உன்னப் பத்திச் சொன்னது நான். ரொம்ப நாளா உள்ளேயே கெடந்துச்சு. வெளிய வரல. இப்பவும் வர மாட்டேங்குது, ஆனா சொல்றேன். நீ அழகாத்தான் இருக்க. போவாத."

சொல்லிவிட்டு அத்தனை பேர் எதிரிலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா பதறிப்போய் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, சில மணி நேரத்துல போயிடும்னு சொன்னியே, இவனுக்கு இன்னும் எறங்கலையா?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எறங்கவே வேணாம் அத்தை."